கப்பல் கொண்டுவந்த சேதி

1855 பிப்ரவரி 17, சனிக்கிழமை. சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு ‘ஓரிகன்’ என்ற நீராவிக் கப்பல் வந்து சேர்ந்தது. கிழக்குக் கரையிலிருந்து அந்த ஊருக்குத் தந்திக் கம்பி வர இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. நியூயார்க்கில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பனாமா வழியாகத் தபால் கப்பல் வரும்வரை மூன்று, நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அன்று வந்த சேதி ஒரு வங்கியைப் பற்றியது. செயின்ட் லூயிஸ் நகரின் பேஜ் அண்ட் பேகன் நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்துவிட்டது.

செயின்ட் லூயிஸ் எங்கே, சான்பிரான்சிஸ்கோ எங்கே! ஆனால் அந்த நிறுவனத்தின் கிளையான ‘பேஜ், பேகன் அண்ட் கம்பெனி’ சான்பிரான்சிஸ்கோவின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்று. தலைமையிடம் ஓஹியோ–மிசிசிப்பி ரயில்பாதையில் பணத்தைக் கொட்டி முடங்கிப்போயிருந்தது. ரயில்பாதையில் போட்ட பணம் கேட்ட மறுநாளே திரும்பி வராது.

அப்போதைய சான்பிரான்சிஸ்கோ தங்க வேட்டையால் ஏழெட்டு ஆண்டுக்குள் முளைத்த ஊர். கலிபோர்னியாவின் 1849ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வங்கிகள் காகிதப் பணம் அச்சடிப்பதைத் தடை செய்திருந்தது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் தங்க நாணயத்திலும் தங்கத் துகளிலும்தான். ஆனால் ஜனங்களிடம் டெபாசிட் வாங்குவதற்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. பெட்டகம் வைத்திருந்தவர் வங்கியர் ஆனார். பார்சல் கொண்டுபோகும் ஆடம்ஸ் கம்பெனியும் வெல்ஸ் ஃபார்கோவும்கூட வங்கி நடத்தின. கடனுக்கு வட்டி மாதம் 3 சதவீதம் என்பது அங்கே சாதாரணம். வருடத்துக்கல்ல, மாதத்துக்கு.

அந்தக் குளிர்காலத்தில் மழை பொய்த்திருந்தது. ஓடும் நீர் இல்லாமல் மண்ணை அலசித் தங்கம் எடுக்க முடியாது. சுரங்க முகாம்களிலிருந்து வரும் தங்கம் குறைந்தது. போதாக்குறைக்கு, ஊரே மதித்த ஹாரி மெய்க்ஸ் என்ற பெரும் வியாபாரி 1854 அக்டோபரில் எக்கச்சக்கமான கடனை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கப்பலேறி சிலிக்கு ஓடிப்போயிருந்தார். ‘அவரே இப்படி என்றால், வேறு யாரை நம்புவது?’ என்ற கேள்வி ஊர் மனசில் நாலு மாதமாகவே உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் ஒரு வங்கியின் உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்க வேண்டும். நூறு பேர் ஆளுக்கு நூறு டாலர் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 டாலர். அதில் 3,000 பெட்டகத்தில் இருக்கும். மீதி 7,000 கடைக்காரருக்கும் கிடங்குக்காரருக்கும் கடனாகப் போயிருக்கும். அதிலிருந்து வட்டி வந்தால்தான் வங்கி நடக்கும். சாதாரண நாளில் ஐந்தாறு பேர் வந்து பணம் எடுப்பார்கள், ஐந்தாறு பேர் போடுவார்கள். முப்பது பேருக்கு மேல் ஒரே நாளில் வந்து நின்றால், எவ்வளவு நேர்மையாக நடத்திய வங்கியும் கதவைச் சாத்தத்தான் வேண்டும். இது போட்டவருக்கும் தெரியும். முதல் முப்பதுக்குள் நிற்க வேண்டும் என்று அவர் ஓடுவது பைத்தியக்காரத்தனமல்ல. அவர் கணக்கில் அது சரி. எல்லோரும் அதே கணக்கைப் போடுவதுதான் விபரீதம்.

ஓரிகன் வந்த சில நாட்களிலேயே பேஜ், பேகன் வாசலில் கூட்டம் நெரிந்தது. பிப்ரவரி 22, வியாழக்கிழமை, அந்த வங்கி மூடியது. மறுநாளைச் சான்பிரான்சிஸ்கோ கறுப்பு வெள்ளி என்றே நினைவில் வைத்தது. ஆடம்ஸ் கம்பெனி கதவைத் திறக்கவில்லை. வெல்ஸ் ஃபார்கோவும் கடையை அடைத்துக் கணக்குப் பார்த்தது; கையில் வலு இருந்ததால் சில நாளில் மறுபடி திறந்தது.

மான்ட்கோமரி தெருவும் ஜாக்சன் தெருவும் சந்திக்கும் முனையில் ‘லூகாஸ், டர்னர் அண்ட் கம்பெனி’ என்ற வங்கி இருந்தது. அதன் பொறுப்பாளருக்கு 35 வயது. ராணுவத்தை விட்டு வந்தவர். பெயர் வில்லியம் டெகும்சே ஷெர்மன். பிற்காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக உலகம் அறிந்த அதே ஷெர்மன்தான். நெருக்கடி முற்றியபோது, பேஜ், பேகன் வங்கி நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று ஊருக்கு அறிவிக்கும் ஒரு சீட்டில் கையெழுத்துப் போடும்படி அவரைக் கேட்டார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் வங்கிக்குத் திரும்பினார். ஓடிப்போன மெய்க்ஸ் விஷயத்திலும் அவர் முன்கூட்டியே சந்தேகப்பட்டுக் கடனைச் சுருக்கிக்கொண்டவர். அந்த எச்சரிக்கைதான் வெள்ளிக்கிழமை அவரைக் காப்பாற்றியது என்று சொல்லத் தோன்றுகிறது.

அன்று அவர் வங்கியிலும் கூட்டம் முண்டியடித்தது. கேட்டவருக்கெல்லாம் தங்கமாகவே எண்ணிக் கொடுத்தார்கள். ஒருவர் ஆயிரம் டாலர் எடுத்தால் அது இருபது டாலர் நாணயம் ஐம்பது; எடை ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். ஐயாயிரம் எடுத்தால் எட்டுக் கிலோவைத் தாண்டும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க முடியாது.

அந்தக் கூட்டத்தில் நசுங்கி, மூச்சுத் திணறி, கல்லாவரை வந்த ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றி ஷெர்மன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பணம் கைக்கு வந்ததும் அந்த மனிதருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்களிடம் பணம் இருக்கிறது என்றால் எனக்கு வேண்டாம், இல்லையென்றால்தான் எனக்கு உடனே வேண்டும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாராம். மற்ற வங்கிகளைப் பற்றியும் இதே கதையைச் சொல்வதுண்டு என்று ஷெர்மனே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த மனிதரின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். தங்கியிருப்பது மரப்பலகை அடித்த விடுதி அறை. ஊரிலோ திருடருக்குக் குறைவில்லை. கையில் கிலோக் கணக்கில் தங்கம். அதை எங்கே வைப்பது? பத்திரமான இடம் என்று ஊரில் இருந்தது வங்கியின் பெட்டகம்தான். அவர் முண்டியடித்து வெளியே எடுத்ததும் அங்கிருந்துதான்.

லூகாஸ், டர்னர் அந்த நாளைத் தாண்டிவிட்டது.

ஆடம்ஸ் கம்பெனியில் போட்டவர்களுக்குப் பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பு இல்லை. அதன் கிளைகள் மலைப்பகுதிச் சுரங்க முகாம்களிலெல்லாம் இருந்தன. சான்பிரான்சிஸ்கோவில் இருந்தவராவது வரிசையில் போய் நிற்கலாம். இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று துகள் துகளாகச் சேர்த்ததைக் கொடுத்து வைத்திருந்த சுரங்கத் தொழிலாளிக்கு, தகவல் எட்டும் முன்பே எல்லாம் முடிந்துபோனது. நிறுவனத்தை நடத்திய ஐசாயா வுட்ஸ் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார். இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்க அப்போது எந்த ஏற்பாடும் இல்லை. டெபாசிட்டுக்கு மத்திய அரசின் காப்பீடு அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது 1934 ஜனவரி 1 அன்றுதான். தொடக்கத்தில் ஒருவருக்கு 2,500 டாலர் வரை. அதற்குள் எத்தனை தலைமுறைச் சேமிப்பு இப்படிக் கரைந்தது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அந்த ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் கிட்டத்தட்ட 200 வியாபாரங்கள் நொடித்தன. ஆடம்ஸோடு சேர்ந்து கவிழ்ந்தவர்களில் ஜேம்ஸ் கிங் என்ற வங்கியரும் ஒருவர். அவர் 1855 அக்டோபரில் ‘டெய்லி ஈவனிங் புல்லட்டின்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, ஊரின் பணமோசடிகளையும் அரசியல் ஊழலையும் பெயர் சொல்லித் தாக்கினார். 1856 மே மாதம் ஜேம்ஸ் கேசி என்ற அரசியல்வாதி அவரை நடுத்தெருவில் சுட்டார். கிங் இறந்ததும், ஆயிரக்கணக்கான குடிமக்கள் கூடி அமைத்த கண்காணிப்புக் குழு கேசியைத் தூக்கிலிட்டது. வங்கியை நம்பாத ஊர் நீதிமன்றத்தையும் நம்பவில்லை.

ஷெர்மன் நடத்திய வங்கியை அதன் முதலாளி 1857இல் மூடிவிட்டார். டெபாசிட் போட்டவர்களின் கணக்கு தீர்ந்தது. ஆனால் பழைய ராணுவ நண்பர்கள் பலர், அவர் முகத்துக்காகத் தங்கள் சேமிப்பை அவரிடம் தனிப்பட்ட முறையில் கொடுத்து முதலீடு செய்யச் சொல்லியிருந்தார்கள். கலிபோர்னியாவின் சரிவில் அந்த முதலீடுகள் விலை இறங்கின. சட்டப்படி அந்த நஷ்டம் நண்பர்களுடையது. ஷெர்மன் அதைத் தன் கையிலிருந்து கட்டினார்.

மான்ட்கோமரி–ஜாக்சன் முனையில் அந்த வங்கிக் கட்டடம் 1906ஆம் ஆண்டுப் பூகம்பத்தையும் தாண்டி இன்றும் நிற்கிறது.