முன்கதவுக்கு முன் இன்னொரு கதவு: 791 டொலர் கணக்கு

ரொறன்ரோவிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ பழைய வீடு வாங்கியவர்களுக்கு முதல் குளிர்காலத்திலேயே ஒரு யோசனை வந்துவிடும்: "முன்வாசலுக்கு ஒரு ஸ்டோர்ம் டோர் போடுங்கோ, ஹீற்றிங் பில் குறையும்." முன்கதவுக்கு வெளியே, அலுமினியச் சட்டமும் கண்ணாடியுமாக, வெளிப்பக்கம் திறக்கும் இரண்டாவது கதவு அது. அந்தக் கதவு தேவைப்படும் வீடுகள் இருக்கின்றன. ஆனால் பில் குறையும் என்பதற்காக மட்டும் போடுகிறீர்கள் என்றால், பணம் கொடுக்குமுன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

விலை கடைக்குக் கடை மாறும். இங்கே உள்ளவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட நடுத்தர விலைகள். உங்கள் கடை விலையை வைத்து அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

அளவு

முதலில் அளவுநாடா. முன்கதவை அளக்கக் கூடாது. கதவைச் சுற்றி வெளிப்பக்கம் இருக்கும் மரச்சட்டங்களுக்கு இடையே உள்ள வெளியைத்தான் அளக்க வேண்டும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுங்கள். உயரத்தை இடம், வலம் என்று இரண்டு இடத்தில் எடுங்கள். மிகச் சிறிய எண்தான் உங்கள் அளவு.

உதாரணத்துக்கு ஒரு வாசல்:

- அகலம்: மேலே 36 1/8, நடுவே 36, கீழே 35 15/16 அங்குலம். எடுக்க வேண்டியது 35 15/16.
- உயரம்: இடம் 80 3/4, வலம் 80 5/8 அங்குலம். எடுக்க வேண்டியது 80 5/8.

கடையில் 36 அங்குலம் என்று விற்கும் கதவு பெரும்பாலும் 35 7/8 முதல் 36 3/8 வரை அகலமும், 80 முதல் 81 வரை உயரமும் உள்ள வாசலுக்குப் பொருந்தும். மேலே உள்ள வாசல் தப்பிவிட்டது. வாசல் 37 அங்குலம் இருந்தால் முக்கால் அங்குலத் தடிப்புள்ள மரச்சலாகை ஒன்றை ஒரு பக்கம் அடித்து 36 1/4 ஆக்கலாம். 35 3/4 என்றால் அந்தக் கதவு போகாது. சொல்லிச் செய்விக்க வேண்டும், விலையும் ஏறும். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் வாசலே கோணல். அதைச் சரிசெய்யாமல் போட்ட கதவு ஒழுங்காகச் சாத்தாது.

செலவு

- கதவுத் தொகுதி (சட்டம், கண்ணாடி, நுளம்பு வலை, பிணைச்சல், கைபிடி, தானாகச் சாத்தும் குழாய்): 420 டொலர்
- மரச்சலாகை, 8 அடி, 2: 12 டொலர்
- சிலிக்கன், 1 குழாய்: 10 டொலர்
- துருப்பிடிக்காத திருகாணி, 1 பெட்டி: 8 டொலர்
- பொருட்கள் மொத்தம்: 450 டொலர்
- பூட்டுக்கூலி: 250 டொலர்
- எச்.எஸ்.டி. 13 வீதம்: 91 டொலர்
- ஆக மொத்தம்: 791 டொலர்

கை வேலை தெரிந்த இருவர் சேர்ந்தால் அரைநாளில் முடித்துவிடலாம். துளைகருவி, இரும்பறுக்கும் வாள், மட்டப்பலகை, அளவுநாடா, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் போதும். அப்போது கூலியும் அதன் வரியுமாக 282.50 டொலர் மிஞ்சும், செலவு 508.50 ஆகிவிடும்.

நீங்களே பூட்டுவதானால், கவனம் முழுவதும் போக வேண்டிய இடம் பிணைச்சல் பக்கத்து அலுமினியச் சட்டத்தின் அடிமுனை. மழைநீர் வழிந்தோட வாசற்படி வெளிப்பக்கம் சரிந்திருக்கும். அதனால் அந்தச் சட்டம் நிற்கும் இடத்தில் வெளி விளிம்பின் உயரம் உள் விளிம்பின் உயரத்தைவிடச் சற்றுக் கூடும். இரண்டையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றிலும் அரைக்கால் அங்குலம் கழித்து, அடிமுனையைப் படியின் சரிவுக்கு ஏற்றபடி சாய்வாக அறுக்க வேண்டும். நேராக அறுத்தால் மூலையில் ஆப்பு வடிவத்தில் இடைவெளி விழும். காற்றும் பனித்தூளும் நேரே அதற்குள்ளால் வரும். எதிர்ப்பக்கம் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே மேலிருந்து கீழ்வரை அதே அரைக்கால் அங்குலம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடைசித் திருகாணிகளை இறுக்குங்கள்.

குளிர்காலக் கணக்கு

வீட்டுச் சூடு வெளியேறுவதை அளக்க இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, கதவு சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்பது. அதை ஆர் மதிப்பு என்பார்கள். மற்றது, ஊரின் குளிர். ஒவ்வொரு நாளும் வெளிச்சூடு 18 பாகைக்கு எவ்வளவு கீழே போகிறது என்பதை ஆண்டு முழுவதும் கூட்டினால் ரொறன்ரோவுக்குச் சுமார் 3,700 பாகை நாள் என்று வைத்துக் கணக்குப் போடலாம். 24 மணியால் பெருக்கினால் 88,800.

36-க்கு 80 அங்குலக் கதவின் பரப்பு 1.86 சதுர மீற்றர். பழைய மரக்கதவுக்கு ஆர் 2.5 என்றும், வெளிக்கதவு அதற்கு மேலே ஆர் 1 சேர்க்கிறது என்றும் கொள்வோம்.

- மரக்கதவு, ஆர் 2.5-இலிருந்து 3.5: ஆண்டுக்கு மிஞ்சுவது சுமார் 107 கிலோவாட் மணி.
- நுரை அடைத்த இரும்புக்கதவு, ஆர் 5-இலிருந்து 6: மிஞ்சுவது சுமார் 31 கிலோவாட் மணி.

காஸ் ஃபர்னஸ் 95 வீதத் திறனில் ஓடுகிறது, ஒரு கன மீற்றர் காஸ் எல்லாக் கட்டணமும் சேர்த்து 40 சதம் என்றால், 107 கிலோவாட் மணி என்பது 10.7 கன மீற்றர் காஸ், அதாவது ஆண்டுக்குச் சுமார் 4 டொலர் 29 சதம். இரும்புக்கதவு வீட்டில் 1 டொலர் 25 சதம்.

இப்போது 791-ஐ வகுத்துப் பாருங்கள். மரக்கதவு வீட்டில் போட்ட பணம் திரும்ப 184 ஆண்டு. இரும்புக்கதவு வீட்டில் 633 ஆண்டு. மின்சார ஹீற்றர் உள்ள வீட்டில், கிலோவாட் மணிக்கு 14 சதம் என்றால், ஆண்டுக்கு 15 டொலர் மிஞ்சும். அங்கும் 53 ஆண்டு ஆகும். என் கணக்கில் எடுத்த ஆர் மதிப்புகள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும், எந்த வீட்டுக் கடனும் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

இடுக்கில் போகும் பணம்

அப்படியானால் முன்வாசலில் நிற்கும்போது காலில் படும் குளிர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கதவுப் பலகைக்குள்ளால் அல்ல, அதன் ஓரத்தால். கதவின் நான்கு ஓரமும் சேர்ந்து 232 அங்குலம். சுற்றிவர அரைக்கால் அங்குல இடுக்கு இருந்தால் 29 சதுர அங்குலம். சுவரில் செங்கல் ஒன்றின் பெரிய பக்கம் அளவுக்கு ஓட்டை விட்டதற்குச் சமம்.

ஓரத்தால் மணிக்கு வெறும் 10 கன மீற்றர் காற்று, அதாவது ஒரு சின்னக் குளியலறை அளவு காற்று, போய்வந்தாலே ஆண்டுக்குச் சுமார் 297 கிலோவாட் மணி சூடு போகிறது. முழு வெளிக்கதவும் மிச்சம் பிடிக்கும் சூட்டைப்போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. காஸ் விலையில் ஏறத்தாழ 12 டொலர்.

அடைக்க ஆகும் செலவு இதுதான்:

- ஓரப்பட்டி, 17 அடிச் சுருள்: 15 டொலர்
- கதவடித் தடுப்பு, 36 அங்குலம்: 20 டொலர்
- வரி: 4.55 டொலர்
- மொத்தம்: 39.55 டொலர்

இரு பக்கமும் மேலுமாக 196 அங்குலம், அதாவது 16 அடி 4 அங்குலம். ஒரு சுருள் போதும். இதற்குப் போட்ட பணம் மூன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். காற்று வீசும் நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஓரத்தோடு மெல்ல நகர்த்துங்கள். புகை ஆடும் இடமெல்லாம் ஓரப்பட்டி வேண்டிய இடம்.

வெளிக்கதவும் இந்தக் காற்றைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் 40 டொலரில் முடியும் வேலைக்கு 791 கொடுக்க வேண்டாம்.

வரவுப் பக்கம்

பில்லைத் தள்ளிவைத்துப் பார்த்தால் இந்தக் கதவுக்கு உண்மையான பயன் இருக்கிறது. முகப்புக் கூரை இல்லாத வாசலில் மழையும் பனியும் உப்பும் நேரே மரக்கதவில் அடிக்கும். நிறம் உரியும், அடிப்பலகை ஊறும். ஒரு புதிய முன்கதவைப் பூட்டி முடிக்க இந்த வெளிக்கதவைப்போலப் பல மடங்கு ஆகலாம். நல்ல நிலையிலுள்ள பழைய மரக்கதவைப் பத்துப் பதினைந்து ஆண்டு காப்பாற்றிக் கொடுத்தால் 791 டொலர் வீணில்லை. மே முதல் செப்ரெம்பர் வரை வலையை மட்டும் விட்டுத் திறந்து வைக்கலாம். மீன் பொரிக்கும் நாளில் பின் யன்னலையும் திறந்தால் வீட்டுக்குள்ளால் காற்று ஓடும்.

போடக் கூடாத வாசலும் உண்டு. தினமும் சில மணி நேரத்துக்கு மேல் நேர்வெயில் விழும் முன்கதவுக்குக் கண்ணாடி வெளிக்கதவு வேண்டாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் அறிவுரை. இரு கதவுக்கும் இடையே வெப்பம் அடைபட்டு உள்கதவைக் கெடுக்கும். தெற்கும் மேற்கும் பார்த்த வாசல்காரர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் ஃபர்னஸ், ஏ.சி., தண்ணீர் ஹீற்றர் போன்றவற்றை அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து விற்க முடியாது. கதவும் யன்னலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தட்டிக்கொண்டு வருவார்கள். வீட்டில் வைத்து 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், எழுத்து நகல் கைக்கு வந்ததிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே அதை ரத்துச் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறும் அம்மா, அப்பா பகலில் தனியே இருக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வரிசை இதுதான்: முதல் 40 டொலர் ஓரப்பட்டிக்கும் கதவடித் தடுப்புக்கும். அதன் பிறகும் மரக்கதவு நனைகிறது, கோடையில் காற்று வேண்டும், வாசலில் கடும் வெயிலும் இல்லை என்றால் 791 டொலரைத் தாராளமாகக் கொடுங்கள். யாராவது "பில் பாதியாகக் குறையும்" என்று சொன்னால், எத்தனை கிலோவாட் மணி என்று கேளுங்கள்.