காரில் குளிர் குறைந்தால்

காரில் குளிர்ச்சி குறைந்ததும் “காஸ் தீர்ந்துவிட்டது” என்பர். பெட்ரோலைப் போல் அது எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்ததென்றால் எங்கோ கசிகிறது. கசியும் ஆர்-134ஏ, எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கவல்லது.

டப்பா வாங்கி நாமே ஏற்றினால் செலவு சொற்பந்தான். கசிவோ அப்படியே இருக்கும். மேலும், இதை எடைபார்த்தே ஏற்றவேண்டும்; சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோகூட வேண்டியதில்லை. டப்பாவுடன் வரும் அழுத்தமானியோ தில்லியின் மே மாதத்தில் ஒன்றும் ஜனவரியில் வேறொன்றும் காட்டும்! அளவு மீறினால் கம்ப்ரஸருக்கே ஆபத்து.

நல்ல ஒர்க்‌ஷாப்பில் முதலில் கசிவை அடைப்பர். பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவர். பிறகே நிறுத்து ஏற்றுவர். கசிவைத் தேடாமல் காஸ் மட்டும் ஏற்றித் தரும் மெக்கானிக்கைவிட டப்பாவே மேல், மலிவாகவாவது முடியும்.