மயக்கவியலில் குரல்வளைமேல் சுவாசவழிக் கருவிகள்: ஓர் ஒப்பீட்டு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அறுவை மருத்துவத்தின்போது நோயாளியின் சுவாசவழியைத் திறந்த நிலையில் காக்கும் கருவிகளுள் குரல்வளைமேல் கருவிகள் குறிப்பிடத்தக்கன. அவற்றுள் கிளாசிக், புரோசீல், ஐ-ஜெல் ஆகிய மூன்றின் அமைப்பு, காற்றடைப்புத் திறன், இரைப்பைப் பாதுகாப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு, தேர்வின் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மயக்கவியல், குரல்வளை முகமூடி, புரோசீல், ஐ-ஜெல், இரைப்பை நீர் உட்புகல்.

முன்னுரை

முழு மயக்கத்தில் ஆழ்ந்தவரின் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து சுவாசவழியை அடைத்துவிடும். இதனைத் தடுக்க நெடுங்காலமாக இரு வழிகளே இருந்தன. ஒன்று, முகத்தின்மேல் முகமூடியை அழுத்திப் பிடித்தல். மற்றொன்று, குரல்நாண்களைக் கடந்து மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துதல். முன்னது மருத்துவரின் கையை விடுவதில்லை. பின்னது மிகுந்த பயிற்சியை வேண்டுவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாக, குரல்வளை வாயிலின்மேல் அமர்ந்து காற்றைச் செலுத்தும் கருவிகள் தோன்றின.

தோற்றமும் வளர்ச்சியும்

பிரித்தானிய மயக்கவியல் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் 1981ஆம் ஆண்டில் குரல்வளை முகமூடியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். 23 நோயாளிகளிடம் அதனைப் பயன்படுத்திய பட்டறிவை 1983இல் ஆய்விதழில் வெளியிட்டார். 1988இல் அது பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. இதுவே பின்னர்க் கிளாசிக் எனப் பெயர் பெற்றது. 2000ஆம் ஆண்டில் புரோசீலும் 2007இல் ஐ-ஜெல்லும் அறிமுகமாயின. காற்றுவழி மட்டுமே கொண்டவை முதல் தலைமுறைக் கருவிகள் என்றும், இரைப்பை நீரை வெளியேற்றும் தனிவழியும் உடையவை இரண்டாம் தலைமுறைக் கருவிகள் என்றும் பொதுவாக வகைப்படுத்தப்படுகின்றன.

அமைப்பும் காற்றடைப்புத் திறனும்

கிளாசிக், புரோசீல் ஆகிய இரண்டின் நுனியிலும் காற்றூதி உப்பவைக்கும் வளையம் உண்டு. அவ்வளையத்தின் அழுத்தம் 60 செ.மீ. நீரழுத்தத்தைத் தாண்டலாகாது, தாண்டினால் தொண்டைப்புண்ணும் நரம்புப் பாதிப்பும் நேரக்கூடும். ஐ-ஜெல்லில் ஊதுவளையம் இல்லை. மென்மையான நெகிழிப்பொருளால் ஆன அதன் நுனி, தொண்டையின் உள்வடிவத்திற்கேற்பப் படிந்து அமர்கிறது. எனவே அதனை விரைவாகப் பொருத்த முடிகிறது. பின்னர்த் தொண்டை வலியும் குறைவாகவே காணப்படுகிறது.

உள்ளே செலுத்தும் காற்று எந்த அழுத்தத்தில் விளிம்பு வழியே கசியத் தொடங்குகிறதோ அதுவே கசிவழுத்தம் ஆகும். இது கிளாசிக்கில் ஏறத்தாழ 20, ஐ-ஜெல்லில் ஏறத்தாழ 25, புரோசீலில் ஏறத்தாழ 30 செ.மீ. நீரழுத்தமாக அமைகிறது. உடற்பருமன் மிக்கவர்க்கும், வயிற்றுக்குள் வளிமம் நிரப்பிச் செய்யும் நுண்துளை அறுவையிலும் நுரையீரலை விரிக்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதால் இவ்வேறுபாடு பொருளுடையதாகிறது.

இரைப்பைப் பாதுகாப்பு

இக்கருவிகளின் பொதுக்குறை ஒன்றுண்டு. மூச்சுக்குழாய்க் குழாயைப்போல் இவை மூச்சுக்குழாயை முழுமையாக அடைத்துக் காப்பதில்லை. இரைப்பை நீர் மேலெழுந்து நுரையீரலுக்குள் புகுந்தால் உயிரிழப்பு நேரலாம். பிரித்தானியாவில் 2011இல் வெளியான நான்காம் தேசியத் தணிக்கை, மயக்கத்தின்போது சுவாசவழிச் சிக்கலால் நேர்ந்த இறப்புகளுக்கு இத்தகைய உட்புகலே முதன்மைக் காரணம் எனக் கண்டது.

புரோசீலின் வடிகால்வழி 4ஆம் அளவில் 16 பிரெஞ்சு அளவுள்ள குழாயை ஏற்கும்; அதே அளவுள்ள ஐ-ஜெல் 12 பிரெஞ்சு அளவுள்ள குழாயையே ஏற்கும். பொருத்துவதில் ஐ-ஜெல் எளிது. காற்றடைப்பிலும் வடிகாலிலும் புரோசீல் மேம்பட்டது. கிளாசிக்கில் வடிகால்வழியே இல்லை. ஆயினும் அதனைத் தூய்மைப்படுத்தி 40 முறை வரை பயன்படுத்தலாம் என்பதால் செலவு குறைகிறது.

இந்தியச் சூழலும் சிற்றூர்த் தேவையும்

அனைத்திந்தியக் கடினச் சுவாசவழிச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் முயற்சி தோற்குமிடத்துக் குரல்வளைமேல் கருவியைப் பொருத்தவும், இரண்டாம் தலைமுறைக் கருவியை விரும்பித் தெரியவும், இரு முயற்சிகளுக்கு மேற்படாதிருக்கவும் அறிவுறுத்துகிறது. ஆகவே இக்கருவி வழக்கமான அறுவைக்கு மட்டுமன்றி, இடர்ப்பொழுதின் மீட்புக்கும் உரியதாகிறது.

இராமநாதபுரம் மாவட்டத்து அபிராமம் போன்ற பேரூர்களின் மக்கள் அறுவை மருத்துவத்திற்குக் கமுதி, பரமக்குடி, இராமநாதபுரம், மதுரை ஆகிய ஊர்களை நாடுகின்றனர். இராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றமை அத்தொலைவைச் சற்றே குறைத்துள்ளது. எனினும் எந்தக் கருவியும் வெறும் வயிற்றுக்கு மாற்றாகாது. திட உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், தெளிநீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுநெறி. விடியற்காலையில் பருகிய கஞ்சியையும் பால்கலந்த தேநீரையும் உணவாகக் கருதாமல், ‘ஒன்றும் சாப்பிடவில்லை’ என்று கூறும் நோயாளி தம்மை அறியாமலே இடரை வரவழைக்கிறார். ‘சாப்பிட்டீர்களா?’ என்னும் வினாவைவிடக் கஞ்சி, பால், தேநீர் எனப் பெயர் சுட்டிக் கேட்கும் வினாவே உண்மையை வெளிக்கொணரும். மருத்துவத் தமிழ் கலைச்சொல்லாக்கத்தோடு நில்லாது இத்தகைய வினாக்களையும் வகுத்தல் வேண்டும்.

முடிவுரை

மூன்று கருவிகளுள் எல்லாச் சூழலுக்கும் சிறந்தது என ஒன்றைச் சுட்ட இயலாது. வெறும் வயிற்றுடன் குறுகிய நேரம் நிகழும் எளிய அறுவைக்குக் கிளாசிக் போதுமானது. உயரழுத்தம் வேண்டுமிடத்துப் புரோசீல் ஏற்றது. விரைவு வேண்டுமிடத்து ஐ-ஜெல் துணைபுரியும். வயிறு நிரம்பிய நோயாளிக்கோ மூச்சுக்குழாய்க் குழாயே உரியது. நோயாளியின் நிலை, அறுவையின் தன்மை, மருத்துவரின் பயிற்சி ஆகிய மூன்றும் கருவியைத் தீர்மானிக்கின்றன. இம்மூன்றனுள் முதலாவதைச் சரியாக அறிய, நோயாளிக்குப் புரியும் மொழியில் கேட்பதே முதற்படியாகும்.