கோழியூரில் ஐந்து கோழிகள்

உறையூருக்குக் கோழியூர் என்றொரு பழம்பெயர் உண்டு. சோழ மன்னனுடைய யானையைக் கோழி ஒன்று எதிர்த்துப் பொருது புறங்காட்டச் செய்தது என்றும், அந்நிலத்தின் வலிமையை உணர்ந்த மன்னன் அங்கேயே தன் தலைநகரை அமைத்தான் என்றும் கதை வழங்குகிறது. சிலப்பதிகாரம் இதனைச் சுட்டுகிறது. உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் இக்காட்சி சிற்பமாகவும் விளங்குகிறது. கமலவல்லி நாச்சியார் கோயில் கொண்டுள்ள திருப்பதியை வைணவர்கள் இன்றும் திருக்கோழி என்றே அழைக்கின்றனர். பங்குனித் திருநாளில் திருவரங்கத்துப் பெருமாள் காவிரியைக் கடந்து அங்கு எழுந்தருளும்போதெல்லாம், இத்தகைய பெயரை ஊருக்கு ஈட்டித் தந்தது ஒரு சிறு பறவையன்றோ என்று நான் எண்ணி வியப்பதுண்டு.

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் அலுவலின் பொருட்டு உறையூர்த் தறி வீடுகளுக்கும், அந்தநல்லூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கும் நான் அடிக்கடி சென்று வருபவன். நெசவாளிக்குக் கூலி, சேலையை அறுத்துக் கொடுத்த பிறகே கைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியில் ஈரம் ஏறினால் தறி ஓய்ந்துவிடும். வாழை பயிரிடுவோரோ தார் வெட்ட ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டும்; ஒரு நாள் சூறைக்காற்று அவ்வளவையும் சாய்த்துவிடுவதும் உண்டு. இந்த இடைக்காலத்தில் குடும்பத்தைத் தாங்குவது எது? எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு வரவைச் சில வீடுகளில் கண்டேன். "தறிக் கூலி அவரோடது ஐயா, முட்டைக் காசு என்னோடது" என்று உறையூர் மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தச் சொல்லில் இருந்த பெருமிதம் என்னைச் சிந்திக்க வைத்தது.

கொல்லையில் கிடைக்கும் இன்பம்

விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழிகள் சிறகடித்து வெளிப்படும் காட்சியே ஓர் உற்சாகம். முட்டையிட்ட பெட்டை ஊரெல்லாம் அறியக் கொக்கரிப்பதைக் கேட்டுக் குழந்தைகள் கூட்டை நோக்கி ஓடுவர். அடைக்கு வைத்த ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், உள்ளே சிவந்த நரம்புகள் சிலந்தி வலைபோலப் படர்ந்திருப்பதைக் காணலாம். ஒன்றும் தெரியாத முட்டை கருக்கூடாதது, அதை விலக்கிவிடலாம். இருபத்தோராம் நாள் ஓட்டைக் குத்திக்கொண்டு குஞ்சு வெளிவரும் வேளையில், பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளையும் நின்று பார்க்கத்தான் செய்யும். உயிர்நூலின் முதற் பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் புத்தகம் ஏது?

இனி வரவு செலவைப் பார்ப்போம். நம் சிறுவிடை நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளாக ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முட்டைகள் இடும். பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் 300 முட்டைகள் வரை இடுகிறது. ஆகவே ஐந்து நாட்டுக்கோழிகள் சேர்ந்து ஒரு பண்ணைக் கோழிக்குச் சமம். ஆனால் பண்ணைக் கோழிக்குத் தீனி முழுவதையும் விலைகொடுத்து வாங்க வேண்டும். நாட்டுக்கோழியோ நொய், தவிடு, மிஞ்சிய சோறு, கீரை, பூச்சி இவற்றைத் தின்றே பெரும்பாலும் வளர்கிறது. பழம்பானையில் ஈரச் சாணமும் வைக்கோலும் அடைத்து, மாலையில் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் குஞ்சுகளுக்குச் சத்தான இரை காத்திருக்கும்.

முட்டை மிகுதியாக வேண்டுவோர் ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கிராமப்பிரியா இனத்தை வளர்க்கலாம். ஆயினும் அது அடைகாப்பதில் நாட்டம் கொள்வதில்லை. அப்பணிக்கு நாட்டுக்கோழியே துணை. பாவு விரித்திருக்கும் வேளையிலும், நாற்று முளைக்கும் பருவத்திலும் கோழிகளை அடைத்து வைப்பது அவசியம். அண்டை வீட்டாரின் மனம் கோணாமல் நடப்பது அதனினும் அவசியம்.

என் தவறும் கற்ற பாடமும்

இவ்வளவு எடுத்துரைக்கும் நானே முதலில் தவறிழைத்தவன். கொள்ளிடக் கரையை அடுத்த என் வாடகை வீட்டுக் கொல்லையில், சந்தையில் வாங்கிய எட்டுக் கோழிகளை ஒரு கோடைக்காலத்தில் கொண்டுவந்து விட்டேன். தடுப்பு மருந்து பற்றி நினைக்கவேயில்லை. சில நாட்களில் ஒரு கோழி தலை தொங்கி நின்றது. வெண்மையும் பச்சையுமாகக் கழிந்தது. இன்னொன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டது. ஐந்தே நாட்களில் ஏழு கோழிகளைப் புதைத்தேன். எஞ்சிய ஒன்றைக் கட்டிக்கொண்டு என் மகன் அழுத அழுகையை இன்னும் மறக்க இயலவில்லை.

அதுவே இராணிக்கேட் நோய் எனப்படும் வெள்ளைக்கழிச்சல். இமயமலைச் சாரலில் உள்ள இராணிக்கேட் என்னும் ஊரில் 1927இல் கண்டறியப்பட்டதால் அப்பெயர் பெற்றது. வந்தபின் இதற்கு மருந்தில்லை. வருமுன் காக்கவே வழியுண்டு. பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி என்பது பொதுவான முறை. புதிதாக வாங்கிய கோழிகளை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்து, பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

இங்கேதான் கூட்டுறவின் தேவை புலப்படுகிறது. ஒரு குப்பி மருந்து பெரும்பாலும் 100 கோழிகளுக்கோ அதற்கு மேலோ உரியது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்; கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியே என்ன செய்வார்? ஒரு தெருவில் இருபது வீட்டார் ஒரே நாளில் தத்தம் கோழிகளைக் கூடையில் கொண்டுவந்தால், ஒரு குப்பி ஒரு தெருவையே காக்கும். கால்நடை மருந்தகத்தாரிடம் முன்கூட்டிச் சொல்லி நாள் குறிக்கும் பணியைச் சங்கக் காரியதரிசி ஏற்கலாமே!

விற்பனையிலும் இதே நெறிதான். டென்மார்க்கு நாட்டுக் குடியானவர்கள் 1895இல் முட்டை ஏற்றுமதிக்கென ஒரு கூட்டுறவு அமைப்பைத் தோற்றுவித்தனர். ஒவ்வொரு முட்டையிலும் கிளைச் சங்கத்தின் எண்ணும் அங்கத்தினரின் எண்ணும் முத்திரையிடப்பட்டன. கெட்ட முட்டை ஒன்று அகப்பட்டாலும் அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அவர் அபராதம் செலுத்த வேண்டும். பலருடைய சிறு சிறு கூடைகளை நாணயம் என்னும் ஒரே நூல் கட்டியது. முட்டை சிலவேயாயினும், நம் சங்கப் பண்டகசாலையில் அந்த நாணயத்தோடு விற்க நமக்கு என்ன தடை?

ஒரு சொல் மட்டும் எச்சரிக்கையாக. ஈமுக் கோழி வளர்த்தால் மாதந்தோறும் பணம் என்று கூறியதை நம்பி, கொங்கு நாட்டில் ஆயிரக்கணக்கானோர் 2012இல் முதலை இழந்து நின்றனர். கடன் வாங்கிக் கோழி வளர்க்க வேண்டாம். நான்கு பெட்டை, ஒரு சேவல், ஒரு பஞ்சாரம், கீரியும் நாயும் புகாத ஓர் இரவுக்கூடு. தொடங்க இவை போதும். பெருகுவது அடையிலிருந்து பெருகட்டும். கடன் பத்திரத்திலிருந்து பெருக வேண்டாம்.

என் கொல்லையில் எஞ்சிய அந்த ஒரு பெட்டை, பின்னர் எங்கள் தெருவார் கூடித் தடுப்பு மருந்து இட்ட முதல் நாளில், தன் ஒன்பது குஞ்சுகளோடு கூடையில் வந்தது. சிறு பறவை யானையை வென்றது கதையாகவே இருக்கட்டும். வெள்ளைக்கழிச்சலும் கடனும் நம் வாசலில் நிற்கும் யானைகள். அவற்றை நம் தெருவார் கூடினால் வெல்லலாம். தனித்து நின்றால் அரிது. அடுத்த மாதக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறேன்.