பூஜ்யமும் சரி, நூறும் சரி, நடுவில்தான் பொய்: ஒரு ஃப்ளோ டிரான்ஸ்மிட்டரின் கதை

(எபிசோடின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்ன புதிரோடு ஆரம்பிக்கலாம்.

ஒரு குழாய், அதில் தண்ணீர். அதிகபட்சம் மணிக்கு 100 கன மீட்டர் ஓடும். எவ்வளவு ஓடுகிறது என்பதைக் கண்ட்ரோல் ரூமில் ஒரு திரை எண்ணாகக் காட்டுகிறது. வால்வை முழுசா மூடினா திரையில் 0. முழுசா திறந்தா 100. ரெண்டுமே சரி. ஆனா உண்மையில் 50 ஓடும்போது திரை 70.7 என்று காட்டுகிறது. கருவி பழுதாகவில்லை. வயரிலும் கோளாறு இல்லை. போன வாரம்தான் கேலிபிரேஷன் முடிந்து சான்றிதழும் கையில் இருக்கு. அப்போ தப்பு எங்கே?

தப்பு செட்டிங்கில். கருவியைக் கான்ஃபிகர் பண்ணும்போது தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ஆப்ஷனில். அது என்ன, ஏன் யார் கண்ணிலும் படவில்லை, எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்த எபிசோடு. இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, பத்தாம் வகுப்பு வர்க்கமூலம் ஞாபகம் இருந்தா போதும்.

மீட்டர் ஓட்டத்தை அளப்பதே இல்லை

இதை முதலில் மனசில் வாங்கிக்கணும். தொழிற்சாலையில் இருக்கும் பல ஃப்ளோ மீட்டர்கள் ஓட்டத்தை நேராக அளப்பதில்லை. வேறு எதையோ அளந்து, அதிலிருந்து ஓட்டத்தைக் கணக்குப் போடுகின்றன.

ரொம்பப் பழைய, இன்னும் எங்கும் பார்க்கக்கூடிய வகை ஆரிஃபிஸ் பிளேட். நடுவில் ஓட்டை போட்ட ஓர் உலோகத் தட்டு, அவ்வளவுதான். அதைக் குழாயின் குறுக்கே, இரண்டு ஃப்ளாஞ்சுக்கு நடுவில் வைத்து முடுக்கிவிடுவார்கள். தண்ணீர் அந்தச் சின்ன ஓட்டை வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். போகும்போது வேகம் கூடும், வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். 1738-இல் டேனியல் பெர்னூலி தன் நூலில் சொன்ன அதே விஷயம்தான்.

தட்டுக்கு முன்னால் ஓர் அழுத்தம், பின்னால் அதைவிடக் குறைந்த அழுத்தம். இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்லிய குழாய் இழுத்து ஒரு கருவியில் மாட்டுகிறார்கள். அதுதான் டிபி டிரான்ஸ்மிட்டர். அது அளப்பது அந்த அழுத்த வித்தியாசத்தை மட்டும்தான்.

இங்கேதான் கணக்கு வருது. ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்த வித்தியாசம் நான்கு மடங்காகும். ஓட்டம் பாதியானால் வித்தியாசம் கால்வாசியாகும். நம்ம குழாயில் மணிக்கு 100 கன மீட்டர் ஓடும்போது வித்தியாசம் 2500 மில்லிமீட்டர் நீர்மட்டம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 50 ஓடும்போது அது 1250 இல்லை, 625 தான். ஓட்டம் வேணும்னா, இந்த எண்ணுக்கு யாராவது ஒருத்தர் வர்க்கமூலம் எடுத்தாகணும்.

இரண்டு வயர், ஒரு மின்னோட்டம்

டிரான்ஸ்மிட்டர் இருப்பது வெயிலில், குழாய்ப் பக்கத்தில். திரை இருப்பது தொலைவில், ஏசி அறையில். நடுவில் இரண்டு வயர். அந்த வயரில் போவது 4 முதல் 20 மில்லி ஆம்ப் மின்னோட்டம். 4 என்றால் பூஜ்யம் சதவீதம், 20 என்றால் நூறு சதவீதம், 12 என்றால் சரியாகப் பாதி.

ஏன் பூஜ்யத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்கணும்? இரண்டு காரணம். வயர் அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகிவிடும். 'ஓட்டம் இல்லை' என்பதையும் 'வயரே இல்லை' என்பதையும் பிரித்துப் பார்க்க அந்த 4 உதவுகிறது. அதோடு, இந்த வகை டிரான்ஸ்மிட்டருக்குத் தனி மின் இணைப்பு கிடையாது, அந்த இரண்டு வயரில் வரும் சொற்ப மின்னோட்டத்திலேயே அது உயிர் வாழ வேண்டும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த 12 மில்லி ஆம்ப், 'நான் 50 கன மீட்டர்' என்று எங்கேயும் சொல்வதில்லை. 'நான் பாதி' என்று மட்டும்தான் சொல்கிறது. எதில் பாதி? ஓட்டத்திலா, அழுத்த வித்தியாசத்திலா? அதை முடிவு செய்வது டிரான்ஸ்மிட்டரில் ஒருவர் போட்ட செட்டிங்கும், கண்ட்ரோல் ரூம் கணினியில் இன்னொருவர் போட்ட செட்டிங்கும். பெரும்பாலும் அவர்கள் இரண்டு வேறு ஆட்கள், சில நேரம் இரண்டு வேறு கான்ட்ராக்டர்கள். இரண்டு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால்தான் திரையில் வரும் எண்ணுக்கு அர்த்தம்.

வர்க்கமூலம் யாருடைய வேலை?

இப்போ புதிருக்கு வருவோம். டிரான்ஸ்மிட்டரில் 'லீனியரா, ஸ்கொயர் ரூட்டா' என்று ஒரு ஆப்ஷன் இருக்கும். கண்ட்ரோல் ரூம் கணினியிலும் அதே மாதிரி ஒன்று. உண்மையில் 50 ஓடுகிறது, அதாவது வித்தியாசம் கால்வாசி. என்னென்ன நடக்கலாம்?

ஒன்று: டிரான்ஸ்மிட்டர் மட்டும் வர்க்கமூலம் எடுக்கிறது. 12 மில்லி ஆம்ப் போகும், திரையில் 50 வரும். சரி. டிரான்ஸ்மிட்டர் எடுக்காமல் கணினி மட்டும் எடுத்தாலும் இதே 50 தான்.

இரண்டு: ரெண்டு பேரும் எடுக்கவில்லை. டிரான்ஸ்மிட்டர் கால்வாசிக்கு 8 மில்லி ஆம்ப் அனுப்பும், திரையில் 25 வரும்.

மூன்று: ரெண்டு பேருமே எடுக்கிறார்கள். டிரான்ஸ்மிட்டர் ஒழுங்காக 12 அனுப்புகிறது. கணினி அந்தப் பாதிக்கு இன்னொரு தரம் வர்க்கமூலம் எடுக்கிறது. 0.5-இன் வர்க்கமூலம் 0.707. திரையில் 70.7!

இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? பூஜ்யத்தின் வர்க்கமூலம் பூஜ்யம். ஒன்றின் வர்க்கமூலம் ஒன்று. ஒரு தரம் எடுத்தாலும், நூறு தரம் எடுத்தாலும், எடுக்காமலே விட்டாலும் இந்த இரண்டும் மாறாது. புது லைனை ஓட்டத் தொடங்கும் அன்று பலர் பார்ப்பது இந்த இரண்டு முனையைத்தான். 'ஸீரோ ஓகே, ஃபுல் ஓகே' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆலை வருஷம் முழுக்க ஓடப்போவதோ நடுவில்.

கேலிபிரேஷன் சான்றிதழ் ஏன் காப்பாற்றவில்லை? அது டிரான்ஸ்மிட்டர் ஒழுங்காக அளக்கிறதா என்பதற்கு மட்டும் சான்று. மறுமுனையில் இருக்கும் கணினி அந்த அளவை எப்படிப் படிக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இருபது எண் கூடினா என்ன ஆகிடும்?

நியாயமான கேள்வி. அந்தத் தண்ணீர் குடிநீர் என்று வைத்துப் பாருங்க. ஓட்டம் எவ்வளவோ அதற்கேற்ப குளோரின் கலக்கும் பம்ப், இந்த எண்ணைப் பார்த்துத்தான் வேகத்தை மாற்றுகிறது. திரை 70.7 என்றால் தேவையைவிட 41 சதவீதம் அதிக குளோரின் போகும். திரை 25 என்றால் பாதி குளோரின்தான் போகும். குடிநீரில் மிஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. பாதி மருந்தில் அந்த எல்லையைத் தொட முடியாமல் போகலாம். கடைசியில் குளோரினை அளக்க அனலைசர் வைத்திருந்தால் மாட்டிக்கொள்ளும். இல்லாத இடத்தில், தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

மற்ற செட்டிங்குகள்: ஒவ்வொன்றும் ஒரு முடிவு

டிரான்ஸ்மிட்டரோடு பேச ஹார்ட் என்று ஒரு முறை இருக்கு. அதே 4-20 மின்னோட்டத்தின் மேல் 1200, 2200 ஹெர்ட்ஸ் அலைகளை ஏற்றி, தரவை அனுப்புவதும் வாங்குவதும் நடக்கும். கையடக்கக் கம்யூனிகேட்டரை அந்த வயரில் மாட்டினால் எல்லா செட்டிங்கையும் பார்க்கலாம், மாற்றலாம். மாற்றுவதற்கு முன் கண்ட்ரோல் ரூமில் சொல்லி, அந்த லூப்பை மேனுவலுக்கு மாற்றச் சொல்லணும். இல்லன்னா நீங்க ரேஞ்சை மாற்றும் நொடியில் அந்தப் பக்கம் ஒரு வால்வு துள்ளும்.

ரேஞ்சு: டிரான்ஸ்மிட்டரில் 20 மில்லி ஆம்ப் என்றால் 100 கன மீட்டர். கணினியில் யாரோ 120 என்று போட்டுவிட்டார். இப்போது எல்லா எண்ணும் 20 சதவீதம் கூடுதலாக வரும். யூனிட்டும் இதே கதைதான். மணிக்குக் கன மீட்டரா, நிமிடத்துக்கு லிட்டரா, ரெண்டு பக்கமும் ஒன்றாக இருக்கணும்.

ஸீரோ: இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் இருக்கும் மேனிஃபோல்டில் ஒரு பக்கத்து வால்வை மூடி, நடுவில் இருக்கும் ஈக்வலைசரைத் திறந்து இதைப் பார்ப்பார்கள். 2500-இல் வெறும் 5 மில்லிமீட்டர் பிசகு என்றால் 'போனா போகுது' என்று தோணும். ஆனா வர்க்கமூலம் சின்ன எண்களைப் பெரிதாக்கிவிடும். 5-ஐ 2500-ஆல் வகுத்தால் 0.002, அதன் வர்க்கமூலம் 0.045 அளவுக்கு வரும். அதாவது வால்வு மூடியிருக்கும்போதே மணிக்கு சுமார் 4.5 கன மீட்டர் ஓடுவதாகக் காட்டும். ஒரு நாள் முழுக்க அப்படியே கூட்டினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல், ஓடாத தண்ணீர்!

லோ ஃப்ளோ கட்-ஆஃப்: மேலே சொன்ன பேய் ஓட்டத்தை மறைக்க ஒரு வழி. 'ஐந்து சதவீதத்துக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம் என்று காட்டு' என்று சொல்லிவிடலாம். வசதிதான். ஆனா ராத்திரி நேரத்தில் நிஜமாகவே நாலு சதவீதம் கசிந்தாலும் திரை பூஜ்யம்தான் காட்டும். அதனால முதலில் ஸீரோவைச் சரி பண்ணணும், பிறகு கட்-ஆஃப் வைக்கணும். வரிசை மாறினால் பிசகை மறைக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

டேம்பிங்: எண் நடுங்கிக்கொண்டே இருந்தால் அதை மெதுவாக்கும் செட்டிங். 8 நொடி என்று வைத்தால், ஓட்டம் திடீரென மாறும்போது 8 நொடியில் அந்த மாற்றத்தின் 63 சதவீதம்தான் தெரியும். கிட்டத்தட்ட முழுசா தெரிய 40 நொடி ஆகும். கோடு அழகாகத் தெரியும், ஆனா குழாய் உடைந்த செய்தி தாமதமாக வரும்.

பழுதானால் எந்தப் பக்கம்? உள்ளே கோளாறு என்று டிரான்ஸ்மிட்டருக்கே தெரிந்தால், அது மின்னோட்டத்தை வேண்டுமென்றே வழக்கமான எல்லைக்கு வெளியே தள்ளும். நாமூர் அமைப்பின் என்இ 43 பரிந்துரைப்படி 3.6-உம் அதற்குக் கீழும், அல்லது 21-உம் அதற்கு மேலும் போனால் அது கோளாறு. மேலே போகணுமா, கீழே போகணுமா என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்கணும். கணினி இதைக் கோளாறு என்று புரிந்துகொள்ளும்படி செட் செய்யாவிட்டால், மேலே போனால் குளோரின் பம்ப் முழு வேகத்தில் ஓடும், கீழே போனால் நின்றுவிடும். எது குறைந்த ஆபத்து என்பதை அந்த பிராசஸ் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும்.

எண் பொய் சொன்ன ஒரு நாள்

செட்டிங்கில் ஒரு பழைய எண் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜச் சம்பவம். இது ஃப்ளோ இல்லை, அதன் உறவான லெவல் டிரான்ஸ்மிட்டர். 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி, பிபி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. சுமார் 170 அடி உயர கோபுரம் ஒன்றில் திரவம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 150 அடியைத் தாண்டிவிட்டது. திரையோ 10 அடிக்கும் கீழே, அதுவும் இறங்கிக்கொண்டே வருவதாகக் காட்டியது.

அந்த லெவல் கருவி, திரவம் தன்னை எவ்வளவு மேலே தூக்குகிறது என்பதை வைத்து மட்டத்தைக் கணக்கிடும் வகை. அது கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே பார்க்கும், அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது. முழுசா மூழ்கிய பிறகு திரவம் சூடாகச் சூடாக அடர்த்தி குறைந்தது, தூக்கும் விசையும் குறைந்தது. கருவி அதை 'மட்டம் இறங்குது' என்று படித்தது. அதன் கேலிபிரேஷனிலேயே பழைய தாளில் இருந்த, அந்த நாளைக்குப் பொருந்தாத அடர்த்தி எண் இருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. கோபுரத்துக்குள் வரும் ஓட்டமும் வெளியே போகும் ஓட்டமும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் இல்லை, இருந்திருந்தால் கணக்கு உதைப்பது கண்ணில் பட்டிருக்கும். வேலை செய்யாத அலாரம் உட்பட இன்னும் பல காரணங்கள் சேர்ந்தன. வெடிவிபத்தில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

அப்போ எப்படித்தான் பிடிப்பது?

முறை ரொம்ப எளிது. நடுவில் சோதிக்கணும், முனையிலிருந்து முனைவரை சோதிக்கணும்.

ஹார்ட் கம்யூனிகேட்டரில் 'லூப் டெஸ்ட்' என்று இருக்கும். டிரான்ஸ்மிட்டரை 12 மில்லி ஆம்ப் அனுப்பச் சொல்லி, திரையில் என்ன வருது என்று பார்க்கலாம். நல்லதுதான், ஆனா இது வயரையும் கணினியையும் மட்டுமே சோதிக்கிறது. டிரான்ஸ்மிட்டர் உள்ளே போடும் கணக்கு இதில் வராது.

முழுச் சோதனை இப்படி: கைப் பம்பை டிரான்ஸ்மிட்டரில் மாட்டி, சரியாக 625 மில்லிமீட்டர் அழுத்தம் கொடுங்க. கண்ட்ரோல் ரூமுக்கு வாக்கி டாக்கியில் ஒரே கேள்வி: 'திரையில் என்ன இருக்கு?' 50 என்று பதில் வந்தால் சரி. 25 என்றால் யாரும் வர்க்கமூலம் எடுக்கவில்லை. 70.7 என்றால் ரெண்டு பேரும் எடுத்துவிட்டார்கள். 60 என்றால் ரேஞ்சு பொருந்தவில்லை. ஒரே அழுத்தம், நாலு பதில், ஒவ்வொன்றும் எங்கே தப்பு என்று தானே சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு, வர்க்கமூலம் எடுப்பது யார், ரேஞ்சு என்ன, கட்-ஆஃப் என்ன, பழுதானால் எந்தப் பக்கம் என்பதை ஒரே தாளில் எழுதி, ரெண்டு பக்கத்து ஆட்களும் கையெழுத்துப் போடணும். அடுத்த வருஷம் டிரான்ஸ்மிட்டரை மாற்ற வருபவர் இன்னைக்கு நம்மகூட இல்லாத ஒருத்தராக இருப்பார். அவருக்கு அந்தத் தாள்தான் துணை.

உங்க வேலையில் இந்த மாதிரி இரண்டு முனையும் சரியாக இருந்து, நடுவில் மட்டும் தப்பான எண் ஏதாவது கண்ணில் பட்டதா? எழுதி அனுப்புங்க, பேசலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.