ஆட்டம் மாறியவர்கள் – 7: காலில் பட்ட அடி

2018 டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை. ‘மாரி 2’, ‘அடங்க மறு’ என்று தியேட்டர்களில் ஒரே நெரிசல். அதற்குள் இன்னும் இரண்டு படங்கள் புகுந்தன. ‘சிலுக்குவார்பட்டி சிங்கம்’ விஷ்ணு விஷாலின் தயாரிப்பு. ‘கனா’ சிவகார்த்திகேயனின் தயாரிப்பு. இருவருமே திருச்சி கேம்பியன் பள்ளியில் படித்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், லீக் கிரிக்கெட் ஆடியவர் எடுத்தது போலீஸ் காமெடி. மிமிக்ரி மேடையிலிருந்து வந்தவர் எடுத்ததுதான் குளித்தலைப் பெண்ணின் கிரிக்கெட் கதை!

திருச்சிப் பக்கம் கிரிக்கெட் பைத்தியத்துக்கு என்றைக்கும் குறைவில்லை. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளிலேயே அது உண்டு. ஆனால் சித்திரை வீதியில் சிக்ஸர் அடிப்பது வேறு, சென்னைக்குப் போய் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக்கில் ஆடுவது வேறு. விஷ்ணு விஷால் இரண்டாவதைச் செய்தவர். காலில் பட்ட அடி அந்தக் கணக்கை முடித்து வைத்தது.

பிறகு சினிமா. 2009-இல் இயக்குநர் சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடிக் குழு’வில் நடிகராக அறிமுகம். படம் பேசப்பட்டது, ஆனால் ஊர் வாயில் நின்றது சூரியின் பரோட்டா காமெடிதான். அதே சுசீந்திரன் 2014-இல் ‘ஜீவா’வில் விஷ்ணு விஷால் கையில் மட்டையைக் கொடுத்தார். தேர்வுக் குழுவுக்குள் ஓடும் சாதியைப் பேசிய படம். நம் நாயகர்கள் மட்டை பிடித்தால் கேமரா அவசரமாக முகத்துக்கு ஏறிவிடும். இங்கே அந்தத் தந்திரம் தேவைப்படவில்லை. பந்தை நோக்கி முன்கால் போகிறது, தலை ஆடவில்லை. இதை நடிப்புப் பயிற்சியில் கற்றுத் தர முடியாது.

ஆனாலும் விளையாட்டு வீரரை விளையாட்டு வீரராக நடிக்க வைப்பதில் பெரிய சாமர்த்தியம் இல்லை என்பேன். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் 2016-இல் ஓய்வு பெற்று, 2018-இல் அனிமேஷன் குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். அதுவும் அவர் சொந்த ஆட்டத்தைப் பற்றியதே. விஷ்ணு விஷால் எனக்குச் சுவாரசியமாகத் தெரிவது, தானே அணியைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான். 2016-இல் ‘வேலைன்னு வந்துட்டா வெள்ளைக்காரன்’ படத்தில் தயாரிப்பைத் தொடங்கினார். 2021-இல் பேட்மின்டன் வீராங்கனை ஜ்வாலா கட்டாவைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு, ‘சிலுக்குவார்பட்டி’ இயக்குநர் செல்லா அய்யாவு எடுத்த ‘கட்டா குஸ்தி’.

விஷயம் படத்துக்குள் இருக்கிறது. நீளக் கூந்தல், குறைந்த படிப்பு என்று நிபந்தனை போட்டுப் பெண் தேடும் கணவன். குஸ்திக்காரி என்பதை மறைத்து, சவுரி வைத்துக்கொண்டு வாழும் மனைவி ஐஸ்வர்யா லட்சுமி. அடியாட்கள் கணவனைச் சூழ்ந்ததும் சவுரி கழன்று விழுகிறது, அவள் அடிக்கிறாள். பணம் போட்டவர்களில் ஒருவர்தான் நாயகனும். அவரோ ஓரமாக நின்று வாய் பிளக்கிறார். இடைவேளையில் தியேட்டர் கைதட்டியது ஐஸ்வர்யாவுக்கு.

(தொடரும்)