வயிற்றில் ஓட்டையா சார்?

காலையில் பட்டினி, பதினோரு மணிக்கு டீ, தலைவலிக்கு ஒரு மாத்திரை... நம்ம ஆபீஸ் மெனு இதுதானே!

குடலின் உள்தோல் நாலைந்து நாளில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். வலி மாத்திரையும் மதுவும் அதைப் புண்ணாக்கி, காவலைத் தளர்த்திவிடும். இயற்கை வைத்தியர்கள் 'குடல் கசிவு' என்பது இந்தத் தளர்ச்சியைத்தான். அடிவயிற்றில் ஈரமண் பட்டி, நேரத்துக்குச் சாப்பாடு, மோர், நீராகாரம் என்பார்கள். செய்யுங்க, பர்ஸுக்கும் நல்லது!

ஆனால் இரைப்பைப் புண் வேறு சமாச்சாரம். பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் கிருமியின் கைவரிசை. அதைக் காட்டத்தான் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் கிருமியையே குடித்து, வாந்தி எடுத்தார். 2005-ல் நோபல்! இந்தக் கிருமி மண் பட்டிக்கு மசியாது, ஆன்டிபயாடிக் வேணும். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, எடை இறங்கினாலோ, மோர் டம்ளரை வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்க.